கைத்தடி கிழவர்களுக்கு மட்டுமா? வயக்காட்டுக்கு ஒரு துணைக்கம்பு

"பூச்சிக்கும் நோய்க்கும் மருந்து சொல்றீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மோட்டார் போடப் போறவன் உசுரோட திரும்பி வர என்ன வழின்னு சொல்ல மாட்டேங்கறீங்களே சார்?"

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமக் கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து நின்று இப்படிக் கேட்டார். அதற்கு முந்தைய மாதம்தான் அவருடைய கணவரைக் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. மும்முனை மின்சாரம் நள்ளிரவுக்கு மேல் வரும் முறை. செல்போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கையில் மண்வெட்டியும் இன்னொரு கையில் வேட்டி நுனியுமாக வரப்பில் போயிருக்கிறார். கிடந்த பாம்பை மிதித்துவிட்டார். உயிர் பிழைத்தார். ஆனால் விஷம் சிறுநீரகத்தைத் தாக்கியதால் டயாலிசிஸ், மருத்துவமனைவாசம் என்று அந்தப் போகமே போய்விட்டது.

நான் அவரைப் பார்க்கப் போனபோது, "முன்னெல்லாம் கையில கம்பு இருக்குமேண்ணே, அன்னைக்கு எடுத்துட்டுப் போகலையா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது: "கம்பு ஊனுனா கெழவன் ஆயிட்டான்னு சொல்லுவாங்க சார். அதான் வாசல்லயே சாத்தி வச்சுட்டேன்."

நம் தாத்தாக்கள் கம்பு இல்லாமல் வயலுக்குப் போனதில்லை. மாடு மேய்ப்பவர் கையில் கோல், ஆடு மேய்ப்பவர் தோளில் தொரட்டி, வண்டியோட்டி கையில் தார்க்குச்சி என்று ஆளுக்கொரு கம்பு இருந்தது. அது முதுமையின் அடையாளமாக இருக்கவில்லை; தொழில் கருவியாக இருந்தது. அந்தக் கம்பை, கொஞ்சம் இன்றைய பொருட்களையும் சேர்த்து, எப்படி ஒரு பாதுகாப்புக் கருவியாக மாற்றிக்கொள்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். எல்லாமே வீட்டிலும் உள்ளூர்க் கடையிலும் கிடைக்கும் பொருட்கள்தான். அரை நாள் வேலை.

எந்தக் கம்பு நல்லது?

முதல் இடம் கல் மூங்கிலுக்கு. உள்ளே துளை இல்லாமல், அல்லது மிகச் சிறிய துளையுடன் கெட்டியாக இருப்பதால் இந்தப் பெயர். போலீஸ்காரர்களின் லத்தி செய்யப்பட்டதும் இந்த மூங்கிலில்தான். எடை குறைவு, வளையும், சட்டென்று ஒடியாது. கல் மூங்கில் கிடைக்காதவர்கள் வேம்பு, கருவேலம், புளி ஆகியவற்றில் நேராக வளர்ந்த கிளையை எடுத்துக்கொள்ளலாம். முருங்கை, கல்யாண முருங்கை போன்ற மெத்தென்ற மரங்கள் உதவாது.

மூங்கில் வெட்டும்போது வயதைப் பாருங்கள். 3 முதல் 4 ஆண்டு வயதுள்ள கழிதான் சரி. இளங்கழியில் பாளை ஒட்டியிருக்கும். தோலில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். முற்றிய கழி பளபளப்பு குறைந்து, ஆங்காங்கே பாசிப் புள்ளிகளுடன் இருக்கும். தட்டினால் கணீரென்று ஓசை வரும். மழைக்காலம் முடிந்து, மார்கழி, தை மாதங்களில் வெட்டுவது நல்லது. புதுக்குருத்து விடும் பருவத்தை ஒப்பிட்டால் அப்போது கழியில் மாவுச்சத்து குறைவு. மாவுச்சத்தைத் தின்னத்தான் உளு வண்டு வருகிறது. தரையை ஒட்டிய முதல் கணுவுக்குச் சற்று மேலாக வெட்டினால், அடிக்கட்டையில் தண்ணீர் தேங்கிப் புதர் அழுகாது.

உங்கள் பட்டா நிலத்தில் வளர்ந்த மூங்கிலை வெட்டுவதில் இப்போது பழைய சிக்கல் இல்லை. 2017-ல் இந்திய வனச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, வனம் அல்லாத நிலத்தில் வளரும் மூங்கில் 'மரம்' என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆனால் காட்டுக்குள் புகுந்து வெட்டினால் குற்றம்தான்.

வெட்டிய கழியை 15 முதல் 20 நாள் ஓடும் தண்ணீரிலோ குளத்திலோ கல் ஏற்றி அமிழ்த்தி வையுங்கள். மாவுச்சத்து கரைந்து வெளியேறிவிடும். பிறகு நிழலில், நிமிர்த்திச் சாத்தி ஒரு மாதமாவது உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வெடித்துவிடும். சிறு வளைவு இருந்தால், தணலில் வாட்டிச் சூடு இருக்கும்போதே இரண்டு மரங்களின் இடுக்கில் கொடுத்து நிமிர்த்தலாம். கடைசியாக வேப்பெண்ணெய் தடவி ஒரு வாரம் ஊறவிடுங்கள்.

அளவு முக்கியம்

வயல்கம்பு வேறு, மூட்டுவலிக்கு ஊன்றும் கைத்தடி வேறு. மூட்டுவலிக்காரர் ஊன்றும் தடி, செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்துக்கு இருக்க வேண்டும். அதைவிட உயரமானால் தோள் வலிக்கும். குட்டையானால் முதுகு கூனும்.

வயலுக்கும் காட்டுக்கும் 5 அடிக் கம்பு வேண்டும். தடிமன் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல், கைக்குள் அடங்கும்படி. ஏன் சரியாக 5 அடி என்று கேட்கிறீர்களா? இதுவே அளவுகோலாகவும் ஆகப் போகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒரு சோதனை. கம்பை இரண்டு கல்லின் மேல் வைத்து, நடுவில் ஒரு காலால் மெல்ல அழுத்துங்கள். வளைந்து நிமிர்ந்தால் நல்லது. 'சட்' என்று ஒரு சத்தம் வந்தாலோ, நீளவாக்கில் கீறல் தெரிந்தாலோ அந்தக் கம்பை அவரைப் பந்தலுக்குக் கொடுத்துவிடுங்கள். உயிரை நம்பி ஊன்றும் கம்பு அது அல்ல.

கம்பில் என்னென்ன சேர்க்கலாம்?

1. பூண்: உலக்கைக்குப் போடுவது போல அடிமுனையில் ஒரு பூண். ஒரு அங்குல ஜி.ஐ. பைப்பில் 2 அங்குலத் துண்டு வெட்டி, கொல்லுப்பட்டறையில் காய்ச்சி ஏற்றினால் ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இனி அடிமுனை பிளக்காது. சிமென்ட் தரையில் வழுக்காமலிருக்க, அதன்மேல் மாட்டிக் கழற்றும்படி ஒரு ரப்பர் புஷ் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையிலேயே கிடைக்கும்.

2. கைப்பிடி: பழைய சைக்கிள் டியூபை ஒரு அங்குல அகலப் பட்டையாக நறுக்கி, மேலிருந்து ஒரு அடி விட்டு, அடுத்த ஒரு அடிக்கு இழுத்துச் சுற்றுங்கள். மழையிலும் வியர்வையிலும் கை நழுவாது. இதில் இன்னொரு நன்மை உண்டு. எல்லாம் நனைந்து அடுப்பு பற்றாத நேரத்தில், இந்த ரப்பரில் ஒரு துண்டை அறுத்துக் கொளுத்தினால் ஈர விறகையும் பற்ற வைக்கும். புகையை முகர வேண்டாம். அதன் மேல் சமைக்கவும் வேண்டாம்.

3. கயிறு: கைப்பிடிக்குக் கீழே 12 முதல் 15 அடி நைலான் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, நுனியைச் செருகிவிடுங்கள். அறுந்த செருப்பு முதல் அறுந்த மூக்கணாங்கயிறு வரை உதவும். ஆபத்தில் ஆளைக் கட்டவும் உதவும்.

4. டார்ச்: இதுதான் முக்கியம். கையடக்க எல்.இ.டி. டார்ச்சை, கைப்பிடிக்குச் சற்றுக் கீழே, இரண்டு டியூப் வளையங்களால் இறுக்குங்கள். ஒளி உங்களுக்கு 5 அல்லது 6 அடி முன்னால் தரையில் விழும்படி சாய்த்து வையுங்கள். நெற்றியில் மாட்டும் விளக்கைவிட இதில் ஒரு வசதி. தாழ்வாக, சாய்வாக விழும் ஒளியில் தரையில் கிடக்கும் பொருளுக்கு நிழல் விழும். சருகோடு சருகாகக் கிடக்கும் விரியனும் தனியாகத் தெரியும். இன்னொரு கை மண்வெட்டிக்கு மிச்சமாகிறது. செல்போனை வாயில் கவ்வ வேண்டியதில்லை.

5. ரேடியம் ஸ்டிக்கர்: வண்டிகளில் ஒட்டும் சிவப்பு, வெள்ளைப் பட்டையை மேலே ஓரிடம், கீழே ஓரிடம் ஒட்டுங்கள். இருட்டில் ரோட்டோரம் நடக்கும்போது லாரிக்காரர் கண்ணில் படும்.

6. விசில்: கயிற்றில் ஒரு பிளாஸ்டிக் விசில். விழுந்து கிடப்பவருக்குக் கத்தத் தெம்பு இருக்காது. ஊதத் தெம்பு இருக்கும். மூன்று முறை ஊதினால் ஆபத்து என்று வீட்டிலும் பக்கத்துக் காட்டுக்காரரிடமும் முன்பே பேசி வையுங்கள்.

7. கவட்டை: புளி அல்லது வேல மரத்தின் விரல் தடிமனுள்ள சிறு கவட்டையைத் தனியாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மேல்முனையில் கயிற்றால் கட்டினால் தொரட்டி தயார். தழை இழுக்க, முள்ளை ஒதுக்க, வாய்க்காலில் அடைத்த செத்தையை இழுக்க உதவும்.

கை படும் இடத்தில் இரும்போ அலுமினியமோ வேண்டாம். காரணத்தைப் பின்னால் படித்துக்கொள்ளுங்கள்.

பாம்பும் கம்பும்

2000 முதல் 2019 வரை 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்து மக்கள். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்கள் பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசும் 2024 நவம்பரில், பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் நம் பகுதியில் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். கம்பைத் தட்டிக்கொண்டே நடந்தால் தரை அதிர்வை உணர்ந்து சாரையும் நல்ல பாம்பும் பெரும்பாலும் விலகிப் போகும். ஆனால் கண்ணாடி விரியன் அப்படியல்ல. கிடந்த இடத்திலேயே கிடக்கும். அதனால் தட்டுவதை மட்டும் நம்பாதீர்கள். தட்டல், வெளிச்சம், கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

கை போகும் முன் கம்பு போக வேண்டும். இதை ஒரு பழக்கமாக்குங்கள். வைக்கோல் போர், விறகுக் குவியல், தென்னை மட்டைக் குவியல், எலி வளை உள்ள வரப்பு, மோட்டார் அறையின் மூலை, சாக்கு அடுக்கு என்று எதில் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் கம்பால் புரட்டுங்கள். மோட்டார் அறைக் கதவைக் கம்பால் தள்ளித் திறந்து, வெளிச்சம் காட்டிப் பார்த்துவிட்டு, பிறகு உள்ளே காலை வையுங்கள்.

கட்டு விரியன் வீட்டுக்குள்ளேயே வரும். தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலியோ வீக்கமோ இல்லாததால் கடித்ததே தெரியாது. விடியற்காலையில் வயிற்று வலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று ஆரம்பித்தால், கடிவாய் தெரியவில்லை என்றாலும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். கட்டிலில், கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிப் படுப்பது நல்ல தடுப்பு.

கடித்துவிட்டால்

இங்கேதான் கம்பு வேறொரு வேலை செய்கிறது. கடிபட்ட கால் அசைய அசைய விஷம் வேகமாகப் பரவும். ஆகவே எலும்பு முறிந்த காலைக் கட்டுவது போல, கம்பைக் காலின் பக்கவாட்டில் நீளமாக வைத்து, துண்டைக் கிழித்து நான்கைந்து இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள். கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். மெட்டி, கொலுசு, அரைஞாண், மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீக்கம் வந்தால் பிறகு கழற்ற முடியாது.

கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். பச்சிலை தேடிப் போகாதீர்கள். நடக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டிய அவசியமில்லை. அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வருகிறது.

வண்டி வரும் பாதை வரை ஆளைத் தூக்க வேண்டுமானால், நம் ஊரில் கயிற்றுக் கட்டிலைவிட நல்ல ஸ்ட்ரெச்சர் கிடையாது. கட்டில் இல்லாவிட்டால், பந்தக்கால் போன்ற இரண்டு நீளக் கழிகளை, அடியில் இரண்டு மூலையும் அறுத்த யூரியா சாக்குகள் இரண்டு மூன்றில் நுழைத்தால் தூக்கு தயார். நோயாளியை ஏற்றும் முன், ஒரு நல்ல ஆளைப் படுக்க வைத்துத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரில்

மழைக்காலத்தில் வாய்க்கால், ஓடை கடக்கும்போது கம்பைத் தண்ணீர் வரும் திசையில் ஊன்றி, அதன்மேல் சாய்ந்தபடி பக்கவாட்டில் நகருங்கள். கம்பு, இரண்டு கால் என மூன்றில் இரண்டு எப்போதும் தரையில் இருக்க வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் முன் கம்பால் குத்தி ஆழம் பாருங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். அதற்கு மேல் இருந்தால், எந்தக் கம்பு இருந்தாலும் இறங்காதீர்கள்.

யாராவது கிணற்றிலோ குளத்திலோ விழுந்துவிட்டால் ஒரே விதி: கம்பை நீட்டு, கயிற்றை வீசு, நீ குதிக்காதே. கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்பை நீட்டுங்கள். நின்றுகொண்டு நீட்டினால் அவர் இழுக்கும் இழுப்பில் நீங்களும் உள்ளே போய்விடுவீர்கள். எட்டாவிட்டால், கம்பில் சுற்றிய கயிற்றை அவிழ்த்து நுனியில் காலி மருந்து கேன் அல்ல, நன்கு மூடிய காலித் தண்ணீர் கேனைக் கட்டி வீசுங்கள். மருந்து கேனை வீட்டிலோ வயலிலோ எந்த வேலைக்கும் எடுக்கக் கூடாது என்பதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

மின்சாரமும் இடியும்

காய்ந்த மூங்கிலில் மின்சாரம் எளிதில் பாயாது என்பது பாதி உண்மை. நனைந்த மூங்கிலில் பாயும். அறுந்து விழுந்த மின்கம்பியைக் கம்பால் ஒதுக்குகிறேன் என்று யாரும் கிளம்பாதீர்கள். கம்பியிலிருந்து விலகி நின்று, ஆடு மாடு, பிள்ளைகளை அண்ட விடாமல் பார்த்துக்கொண்டு, 'மின்னகம்' எண் 94987 94987-க்கு அழையுங்கள். வீட்டுக்குள் ஸ்விட்ச் பெட்டியில் ஒருவர் மாட்டிக்கொண்டால் முதலில் மெயினை நிறுத்துங்கள். அதுதான் முதல் வழி. மின்கம்பி போகும் மரத்தில் தொரட்டி போட்டு இழுப்பதால், அதுவும் இரும்புத் தொரட்டியால் இழுப்பதால், எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. அந்த மரத்துக் காய் காய்த்தபடியே இருக்கட்டும்.

இடி இடிக்கும்போது திறந்த வயலில் கம்பைத் தோளில் நிமிர்த்திப் பிடித்து நடக்காதீர்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பக்கத்தில் கட்டடம் இருந்தால் அங்கே போய்விடுங்கள். இல்லாவிட்டால் கம்பு, மண்வெட்டி எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு, இரண்டு காலையும் சேர்த்துக் குந்தி உட்காருங்கள். தரையில் படுக்க வேண்டாம். மின்னல் எச்சரிக்கை தரும் 'தாமினி' செயலியைப் பிள்ளைகளிடம் சொல்லி செல்போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அளவுகோலாகவும் ஆகும்

இதுவரை சொன்னது ஆபத்துக்கு. இனி சொல்வது தினசரிக்கு. தினமும் பயன்படுகிற பொருள்தான் ஆபத்து நேரத்தில் கையில் இருக்கும்.

கம்பின் அடிமுனையிலிருந்து 2.5, 15, 22, 25 சென்டிமீட்டர் அளவுகளிலும், பிறகு ஒவ்வோர் அடியிலும் காய்ச்சிய கம்பியால் சூடு போட்டு அடையாளமிடுங்கள். கத்தியால் வெட்டிக் குறி போட்டால் அந்த இடத்தில் கம்பு பலவீனமாகும்.

2.5 செ.மீ. என்பது திருந்திய நெல் சாகுபடியில் கட்ட வேண்டிய தண்ணீரின் அளவு. மண்ணில் மயிரிழை வெடிப்பு வந்ததும் இந்தக் குறி வரை கட்டினால் போதும். 25 செ.மீ. அதே முறையில் நாற்று நடும் இடைவெளி. 15 செ.மீ. நெல், நிலக்கடலை போன்ற பயிர்களுக்கு மண் மாதிரி எடுக்கும் ஆழம். 22 செ.மீ. பருத்தி, கரும்பு, வாழை, மரவள்ளி, காய்கறிகளுக்கு.

தென்னைக்கு 25 அடி இடைவெளி என்றால் ஐந்து கம்பு. வாழைக்கு 6 அடி என்றால் ஒரு கம்பும் ஒரு அடியும். நாலு கம்பும் ஒரு சாணும் நீளம், அதே அளவு அகலம் உள்ள சதுரம் கிட்டத்தட்ட ஒரு சென்ட். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. இந்தக் கணக்கில் சுமார் 430 வரும். சோதனைப் பாத்தி போட, உரம் கணக்கிட இது தாராளமாகப் போதும்.

மர வியாபாரியிடம் ஏமாறாமலிருக்க ஒரு கணக்கு. வெயிலில் சமதரையில் கம்பை நேராக நிறுத்தி அதன் நிழலை அளங்கள். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அடிமரத்திலிருந்து அளங்கள். மரத்தின் நிழலை 5-ஆல் பெருக்கி, கம்பின் நிழலால் வகுத்தால் மரத்தின் உயரம் அடியில் கிடைக்கும். கம்பின் நிழல் 4 அடி, மரத்தின் நிழல் 32 அடி என்றால் மரம் 40 அடி. தேக்கோ மலைவேம்போ விற்கும் முன் நீங்களே அளந்து வைத்துக்கொண்டால், வருபவர் கண்மதிப்பில் 30 அடி என்று சொல்லும்போது தலையாட்ட மாட்டீர்கள்.

திசை தெரியாத இடத்திலும் இதே நிழல் கைகொடுக்கும். கம்பை நட்டு, நிழல் நுனியில் ஒரு கல் வையுங்கள். 20 நிமிடம் கழித்து நிழல் நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. காலையிலும் மாலையிலும் விடுத்து, உச்சிவேளையை ஒட்டிச் செய்தால் சரியாக இருக்கும். காட்டில் வழி தவறினாலும், சோலார் பம்ப் தகடுகளைத் தெற்குப் பார்த்து நிறுத்துவதானாலும் இது உதவும். நம் தமிழ்நாட்டில் ஏப்ரல் நடுப்பகுதியை ஒட்டியும் ஆகஸ்ட் கடைசியை ஒட்டியும் உச்சியில் நிழலே விழாத நாள் வரும். அந்த நாட்களில் உச்சிவேளைக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள்.

வாசகர்கள் கேட்கும் சில கேள்விகள்

கம்பு கையில் இருக்கும்போது பாம்பை அடித்தால் என்ன?
அடிக்கப் போகிறவர்களைப் பாம்பு கடிக்கக்கூடும். 5 அடி விலகி நின்று வழிவிடுங்கள். வயலில் எலியைக் கட்டுப்படுத்துவதும் அதுதான். 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பாம்பைக் கொல்வதும் குற்றம். வீட்டுக்குள் புகுந்துவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101-ல் சொல்லுங்கள்.

அலுமினியக் குழாயில் செய்தால் இன்னும் லேசாக இருக்குமே?
லேசுதான். ஆனால் மின்கம்பி, மோட்டார் அறை, இடி மின்னல் என்று எல்லாம் உள்ள இடம் வயல். கைக்கு மரமே பாதுகாப்பு.

தெருநாயை விரட்டக் கம்பு போதுமா?
ஓங்கினால் மிரண்டு பாயும். கம்பைக் குறுக்கே பிடித்து, ஓடாமல், மெல்லப் பின்வாங்குங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். வெறிநோய் வந்தபின் பிழைப்பது அரிது.

கம்பை எப்படிப் பராமரிப்பது?
மூலையில் ஈரத்தரையில் நிறுத்தினால் கரையான் ஏறும். ஆணியில் தொங்கவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேப்பெண்ணெய். மாவு போல் பொடி உதிர்ந்தால் உளுத்துவிட்டது, மாற்றிவிடுங்கள். டார்ச்சைப் பகலிலேயே எரித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று

அந்தப் பெண்மணியின் கேள்விக்கு அன்று கூட்டத்தில் எனக்குப் பதில் தெரியவில்லை. "கவனமாப் போகச் சொல்லுங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்து நெல் குருத்துப்பூச்சிக்குப் போய்விட்டேன். இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பிறகு ஒரு நாள், பயிர் பார்க்கப் போன இடத்தில் வரப்பு வழுக்கி விழுந்து எனக்கே முழங்கால் போனது. வீட்டில் கைத்தடி வாங்கி வந்தார்கள். நானும் அதைக் கதவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். ஆபீசர் தடி ஊன்றி வருகிறார் என்று சொல்வார்களே! நான்கு நாள் கழித்துத்தான் அந்த விவசாயி சொன்னதும் இதையேதான் என்று உறைத்தது.

சாத்தி வைத்த அவருடைய கம்பை எடுத்து, பூண் போட்டு, டார்ச் கட்டி, ரேடியம் ஒட்டி அவர் கையில் கொடுத்தேன். இப்போது அவர் இரவில் மோட்டார் போடப் போகும்போது, வீட்டு வாசலில் நின்றபடி அந்த அம்மா பார்ப்பார். தாழ்வாக ஒரு வெளிச்சம் வரப்பில் நகர்ந்துகொண்டே போகும். மோட்டார் அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் ஒரே ஒரு முறை விசில் ஊதுவார். அது கேட்ட பிறகுதான் அந்த அம்மா உள்ளே போய்ப் படுப்பார்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு கம்பு சும்மா சாத்தியிருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துப் பாருங்கள்.